மரகதம் மாற்றிப் படித்த கடைசி அத்தியாயம்

மரகதத்தின் தாயார் என்னைக் கேட்ட அன்று நான் சொல்லாதது இதுதான்: மரகதத்துக்குத் தன் கல்யாணத்தில் விருப்பமில்லை. கிள்ளானிலிருந்து கருவாடு கொண்டுவருபவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "உங்க மரகதம் போயிருச்சும்மா. பிள்ளை பெத்த காய்ச்சல், மருந்து கிடைக்கல" என்றபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு நினைவு வந்ததும் அதுதான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் மரகதம் வாசிக்க ஒரு நாவலைக் கேட்ட சிநேகிதிகளே, உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

யுத்தத்தில் ஜப்பானியர் ஊரைப் பிடித்த வருடம், பையன்களைப் போலத் தெரியவேண்டுமென்று வீட்டுப் பெரியவர்கள் நம் எல்லாருக்கும் முடியை ஒட்ட வெட்டினார்கள். ஜன்னல் பக்கம் போகக்கூடாது. மரகதத்தின் வீட்டுச் சமையலறையில் நாம் மரவள்ளிக் கிழங்கு சீவ, அவள் தணிந்த குரலில் வாசிப்பாள். அட்டை போன ஒரே பிரதி. அந்தக் கதையில், படிக்க ஆசைப்பட்டு வளரும் ஒரு பெண். அவளை அறையில் பூட்டிவைக்கும் தாய். கடைசியில் ஒரு ரயில் நிலையம்.

"அம்மாகாரி சரியான பேய்டி" என்பாள் நம் லெட்சுமி.

"நம்ம அம்மாவ விடவா?" என்று மரகதம் கேட்பாள். சிரிப்பை அடக்க முடியாது. அடுப்படியிலிருந்து அவள் தாயார், "மெதுவாடி! ஜப்பான்காரன் வந்தா கிழங்கையா தூக்கிட்டுப் போவான்?" என்பார்.

மரகதம் வாசித்த முடிவில் அந்தப் பெண் தனியாக ரயிலேறிப் போனாள். அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னோம். பிறகு நான் புத்தகத்தை இரவல் வாங்கிப் பார்த்தால், அச்சில் அவள் ரயிலேறவே இல்லை. தகப்பனோடு வீடு திரும்பித் தாலிக்குக் கழுத்தை நீட்டுகிறாள்.

"உள்ளபடி படிச்சா லெட்சுமி ரெண்டு நாள் சாப்பிடமாட்டா. யார்கிட்டயும் சொல்லாத, என்ன?" என்றாள் மரகதம். நான் சொல்லவில்லை.

அந்த நாவலைப் பிறகு மூன்று முறை படித்தேன். பதினாறு வயதில் அந்தத் தாயை வெறுத்தேன். பதினெட்டில், நிலையத்திலிருந்து பெண் திரும்பி நடக்கும் பக்கத்தில் கோபத்தோடு மூடிவைத்தேன். இப்போது பத்தொன்பதில், பூட்டிய கதவுக்கு வெளியே சாவியை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாயும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் நான்கு வரிகள் கண்ணில் பட்டன. முன்பு அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன். நாம் தாண்டிப்போனதை நாம் வளரும்வரை வைத்துக்கொண்டு அவை காத்திருப்பதால்தான் சில புத்தகங்களிடம் திரும்பிப் போகிறோம் என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில், மணமாகாத பெண்களை ஜப்பானியர் பிடித்துப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியதும், ஒரே வாரத்தில் மரகதத்துக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். குளியலறைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பிடிக்கலடி. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

அன்று மாலையே அவள் தாயார் என்னைத் தனியே அழைத்தார். "உன்கிட்டதான் எல்லாம் பேசுவா. மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லும்மா. அவ அப்பா கால்ல விழுந்தாவது நிறுத்திடுறேன்."

"ஒண்ணும் இல்ல அத்தை" என்றேன். கடைசி அத்தியாயத்தைக் காப்பாற்றியதுபோல இதையும் காப்பாற்றுவதுதான் சிநேகிதம் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று மரகதத்தின் ஒட்ட வெட்டிய தலையில் பூ நிற்கவில்லை. கறுப்பு நூலால் காதோடு சேர்த்துக் கட்டினோம். "இழுத்துக் கட்டுங்கடி, தாலி கட்டுறப்ப விழுந்தா மாப்பிள்ளை பயந்துருவாரு" என்று அவளே எல்லாரையும் சிரிக்கவைத்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

ஜப்பானியர் போய்விட்டார்கள். எங்கள் வீட்டு ஜன்னலை அம்மா இன்னும் பாதிதான் திறக்கிறார். போன மாதம் கிள்ளானிலிருந்து மரகதத்தின் கணவர் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மரகதத்தின் குழந்தைக்கு ஒரு தாய் வேண்டுமாம். எல்லார் முன்னிலையிலும் அம்மா கேட்டார், "சம்மதம்தானே?"

"எனக்கு விருப்பமில்லம்மா."

அவளுக்காகச் சொல்லியிருக்க வேண்டிய சொற்கள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அவைதான்.

நான் மறுத்த பிறகு, மரகதத்தின் மகளை அவளுடைய நாத்தனார் தானே வளர்க்கக் காப்பார் ஊருக்குத் தூக்கிப் போய்விட்டார்.