முன்சீட்டில் அழகம்மாள்

மேல்மலைப் பூண்டியில் அழகம்மாள் என்றொருத்தி இருக்கிறாள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் பத்தொன்பது வயதில் தம்பி வீட்டுக்கு வந்தவள், இப்போது நாற்பத்தெட்டு. தம்பி குழந்தைவேலின் வெள்ளைப்பூண்டுக் காட்டில் அவள் கைபடாத பாத்தி கிடையாது. பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, அடியில் இடைவிடாமல் புகை போடுவதும் அவள்தான். பனிமூட்டம் இறங்குகிற ஊரில் புகை ஒரு நாள் நின்றாலும் பூண்டு ஈரம் கோத்துக்கொள்ளும். அவளை அங்கேயே பார்த்துப் பார்த்து, அடுப்புக்கல்லோடு சேர்த்து அவளையும் ஒரு கல்லாக வீட்டார் நினைத்துவிட்டார்கள்.

தம்பி மகள் ஸ்வேதா ஒருநாள் செல்போனில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருக்கிற தண்ணீர்ப் பூங்கா ஒன்றைக் காட்டினாள். அலை அடிக்கிற குளம், ஆளை வழுக்கிவிடுகிற சறுக்கு. பனியில் கேரட் கழுவிக் கழுவி விரல் மரத்துப்போனவளுக்கு, வெயில் ஊரில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பார்க்க ஆசை வந்துவிட்டது. குடும்பத்தோடு போகலாம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். பூண்டைப் பரணிலிருந்து இறக்கி மூட்டை கட்டின மறுவாரம் என்று நாளையும் அவளே குறித்தாள். சேலையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று ஸ்வேதா சொல்ல, கொடைக்கானல் சந்தையில் நைலான் சட்டையும் கால்சட்டையும் வாங்கிவந்தாள். ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே.

தம்பி பெண்டாட்டி ஜோதிமணியின் அண்ணனிடம் வேன் இருக்கிறது. குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாகப் போனால்தான் தனக்குத் தோதுப்படும் என்று அவன் சொன்னதும் நாள் மாறிவிட்டது. பூண்டு இன்னும் பரணில் தொங்குகிறதே, யார் புகை பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. வேனுக்கு ஆள் எண்ணினார்கள், புளிச்சோற்றுக்கு ஆள் எண்ணினார்கள். இரண்டிலும் அவள் இல்லை. அவளிடம் சொன்னதெல்லாம், புளியை முந்தின நாளே கரைத்து வை என்பதுதான்.

கரைத்து வைத்தாள். மறுநாள் வெள்ளனே பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, புகை யாரு போடுறது?" என்றான் குழந்தைவேல்.

"பூண்டு ஒன்னோடதுதானலே. நீ இருந்து போடு."

ஜோதிமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அடுத்த தரம் கூட்டிட்டுப் போறோம், மதினி."

"இருபத்தொம்பது வருசமா அடுத்த தரத்துலதான் ஆத்தா கெடக்கேன்."

இறங்கிவிடுவாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். கடைசியில் குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனான். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் அழ, யாரால் என்பதை அவள் காதில் விழும்படியே ஜோதிமணி சொன்னாள்.

வேன் கிளம்பியது. மலைப்பாதை வளைவில் சின்னவன் விக்னேஷுக்குக் குமட்டியது. பிறந்த நாள் முதல் அவள் மடியில் வளர்ந்தவன். தலையைத் தாங்க அவள் கை தானாகப் பின்னால் நீண்டது.

"விடுங்க. எம் பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

கையை எடுத்துக்கொண்டாள். ஜோதிமணியின் அண்ணன் வேகத்தைக் குறைத்து, ஊருக்குத் திரும்புகிற பஸ் இந்த முக்கில்தான் நிற்கும், இறங்கிக்கொள்கிறீர்களா என்று மரியாதையாகவே கேட்டான்.

"வண்டிய ஓட்டுங்க" என்றாள் அழகம்மாள்.