கீழ் வரிசை விளக்கு

சத்தியமாக நடந்தது. கதை கட்டுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சொந்த அக்காவின் கண்ணீரை வைத்துக் கதை கட்டும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. நடந்ததும் பட்டப்பகலில்தான்.

அக்காவும் அத்தானும் ஒரே ஆபீஸில் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கவனித்து வந்தவர்கள். ஒரு பெரிய சர்வரே தனக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஓடும். எல்லாவற்றின் உயிரும் முன்பக்கம் செருகியிருக்கும் டிஸ்க்குகளில். பார்க்க எல்லாம் ஒரே அச்சு. எதைக் கழற்றுவது என்று தெரிய, அக்கா வெளி அறையில் உட்கார்ந்து ஸ்கிரீனிலிருந்து அந்த டிஸ்க்குக்கு உரிய விளக்கைச் சிமிட்டுவாள். இரண்டு தடவை சட்டென்று, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. உள்ளே அத்தான் பார்த்துக் கழற்றுவார். "எம் பொண்டாட்டி கண்ணடிக்கிறாடா" என்று என்னிடம் வழிவார் மனுஷன்.

போன வருஷம் அத்தான் போய்விட்டார். படுக்கையில் கிடந்தபடி அக்காவுக்கென்று பேசிப் பதிந்ததை அந்தச் சர்வரில்தான் வைத்திருந்தார். கேட்கத் தைரியம் வராமல் அக்கா தள்ளிப்போட்டாள். அதற்குள் அந்த டிஸ்க் பழுதாகிவிட்டது. காப்பி எடுத்தால் பாதியில் நின்றது. ரிப்பேர்காரரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தால், சர்வரையே மாற்றுகிறார்களாம். பழைய டிஸ்க் எல்லாம் அரவை மெஷினுக்கு!

மேனேஜருக்கு ஆபீஸில் டேமேஜர் என்று பெயர். அன்று அவரே இளகினார்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோம்மா. நான் பாக்கல."

அன்று காலை சர்வரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஸ்கிரீனில் டிஸ்க்குகளின் வரிசை மாறிவிடும். டிஸ்க்கின் சொந்த நம்பரைப் பார்த்துத்தான் விளக்குப் போட வேண்டும். அக்காவுக்குத் தெரியாததா? கண் கலங்கியிருந்தது. பழைய வரிசைப்படி போட்டுவிட்டாள்.

உள்ளே போனாள். மேல் வரிசையில் ஒரு விளக்கு நின்று எரிந்தது.

கீழ் வரிசையிலும் ஒன்று...

மினுக் மினுக்... மினுக்.

அக்கா வெளியே வந்து பார்த்தாள். ஸ்கிரீனில் ஒரு விளக்குதான் போட்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

திரும்ப உள்ளே.

"ஏங்க... நீங்களா?"

மினுக் மினுக்... மினுக். வேகமாக.

கதவைத் தள்ளிக்கொண்டு டேமேஜர் வந்தார்.

"அரவைக்காரர் வண்டி வந்தாச்சும்மா. கீழ இருக்கறது ஏதோ லூஸ் கனெக்‌ஷன். நீ போட்ட லைட்டப் பாத்து எடு."

அத்தான் கூடவே இருக்கிறார் என்று அவள் சொல்லும்போதெல்லாம், ஒரு வருஷமாக எல்லாரும் மனப்பிரமை, மனப்பிரமை என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கே தன் கண்ணில் நம்பிக்கை போயிருந்தது. மேல் வரிசை டிஸ்க்கைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ரிப்பேர்காரர் கூப்பிட்டார்.

"இதுல பழைய ஆபீஸ் மெயில்தான்கா இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அழுகையைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று அரவைக்காரருக்கு நான்தான் போன் போட்டேன்.

"எல்லாம் தூளாயிடுச்சு தம்பி. ஆனா ஒண்ண மட்டும் மறக்க முடியல. பெட்டியில கெடக்கும்போதே மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. மெஷினுக்குள்ள விழற வரைக்கும்..."

விளக்கு சர்வரில்தான் இருக்கிறது. டிஸ்க்கில் விளக்கே கிடையாது.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.