மூன்றாவது ஊசி

அந்த நர்ஸம்மாவின் கை நடுங்கி நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். நடுங்க வைத்தவள் நான்.

ஐம்பதுகளில் ஒரு மழைக்காலம். வெள்ளம் வடிந்த கையோடு காரைக்காலில் வாந்திபேதி பரவியது. மூன்று வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு தலத்தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் வாப்பா அப்போது சைகோனில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. டாக்டர் மண்டபத்தூருக்குப் போயிருந்தார். கூடம் முழுவதற்கும் நர்ஸம்மா ஒருவர்தான். அடுத்த கட்டிலில் நெரவியிலிருந்து வந்த ஒரு பெண், தன் மகளை மடியில் கிடத்திக்கொண்டு காத்திருந்தாள்.

உப்புத்தண்ணீர் ஏற்ற வேண்டும். வற்றிய உடம்பில் நரம்பு நூலாகச் சுருங்கிக் கிடக்கும். விரல் நுனியால் தடவித் தடவி, இடம் தெரிந்த பிறகே குத்துகிறவர் அவர் என்று பின்னால் பலர் சொல்லிக் கேட்டேன். அன்று நான் தடவ விடவில்லை. "சீக்கிரம் குத்துங்கம்மா, எம்புள்ள போயிரும்" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். முதல் ஊசி நரம்பைத் தாண்டிப் போய், கை வீங்கியது. மறு கையிலும் அப்படியே. நான் கத்துவதை நிறுத்தவில்லை.

ஊசியைத் தட்டில் வைத்தார். விரல்கள் நடுங்கின.

"இனிமே கணுக்கால்தான் இருக்கு. இதுவும் தப்புனா வேற எடம் இல்ல. பேசாம கால மட்டும் அசையாம பிடிங்க."

நடுக்கம் நிற்கும்வரை இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றியபடி நின்றார். பிறகு வேறு ஊசி எடுத்துத் தடவ ஆரம்பித்தார். அந்த நேரம் எனக்கு ஒரு பகலாக நீண்டது. ஊசி நுழைந்ததும் குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. சொட்டு இறங்கியது.

அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தச் சிறுமியின் மணிக்கட்டில் நாடி தேடியவர், வெகுநேரம் கையை விடவே இல்லை.

"செத்த வெரசா வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள் நெரவிக்காரி. குரலைக்கூட உயர்த்தவில்லை.

நர்ஸம்மா என் பக்கம் திரும்பவில்லை. "என் கை ரெண்டு தடவ தப்பிப்போச்சு, தாயி" என்று மட்டும் சொன்னார்.

என் மகன் இன்று பேரன் எடுத்துவிட்டான். அவசரப்படுத்தி நான் வீணாக்கிய அந்த இரண்டு ஊசிகளின் நேரம் அந்தச் சிறுமியுடையது. அதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

அன்று நெரவிக்காரி மகளை முந்தானையில் பொதிந்துகொண்டு மழையில் இறங்கினாள். ஓடிப்போய், நான்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். அசைந்தால் ஊசி விலகிவிடும் என்று, என் பிள்ளையின் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.