மந்திரி மச்சான்

என் மைத்துனர் மந்திரியான அன்று பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதுவலி என்று படுத்துக்கொண்டேன். எரிந்தது காது இல்லை, வயிறு. அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. சும்மா சொல்லவில்லை, ஊரே சொல்லும்.

நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிறகு அவர் தங்கையை நான் கட்டிக்கொண்டேன். இருவரும் ஒன்றாகக் கதர் உடுத்தினோம், கள்ளுக்கடை மறியலில் ஒன்றாக அடிபட்டோம். ஆனால் மேடை என்றால் நான்தான். ஏறினால் கூட்டம் கலையாது. அவரோ "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்கு என் முகத்தைப் பார்ப்பார். சேக்காட்டில் நாலு காணி நிலமும் சாதுவான முகமும்தான் அவர் சொத்து.

சட்டசபைத் தேர்தல் வந்தபோது பட்டணத்துப் பெரியவர்கள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "உங்களில் ஒருவர் நில்லுங்கள். யாரென்று நீங்களே முடிவுசெய்து வாருங்கள்" என்று கைகழுவிவிட்டார்கள். நான் விடவில்லை. ஆச்சரியம், அவரும் விடவில்லை. பெண்ணைக் கொடுக்கலாமா, நிலத்தை வாங்கலாமா என்று குழம்பினால் எங்கள் ஆட்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். மாங்காட்டு அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோலவே இலையில் சுற்றி நாரால் கட்டி, அம்மன் முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பொட்டலத்தைத்தான் பிரிப்பது வழக்கம். எடுக்காததைத் திறக்காமல் குளத்தில் விட்டுவிட வேண்டும். அம்மன் ஒதுக்கியதைக் கிளறிப் பார்ப்பது மரியாதை இல்லை. முல்லை எனக்கு, செவ்வரளி அவருக்கு என்று பேசிக்கொண்டோம். கட்டுவதற்கு இருவருக்கும் நம்பிக்கையான ஆள் என் மனைவிதான். எனக்குப் பெண்டாட்டி, அவருக்குத் தங்கை.

சந்நிதியில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தாள். குருக்கள் பிரித்தார். செவ்வரளி.

என் மைத்துனர் தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, நீ கூட இருந்தாத்தான் நான் நிப்பேன்" என்று அழுதார். கூட இருந்தேன். மாட்டுவண்டியில் ஆவடி முதல் திருநின்றவூர் வரை தொண்டை கிழியக் கத்தி அவருக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் ஜெயித்தார். அதோடு விட்டார்களா, மந்திரியும் ஆக்கினார்கள். அன்றிலிருந்து நான் மாங்காட்டுப் பக்கம் போகவில்லை. அம்மனோடு பேச்சுவார்த்தை கிடையாது.

மந்திரியான பிறகாவது உளறிக் கெடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அதிலும் மண் விழுந்தது. கோட்டையிலிருந்து காரில் வந்து இறங்குவார். மனுவோடு நிற்கும் கிழவரை முதலில் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, "இன்னா நைனா, இன்னா வோணும் சொல்லு" என்று கேட்பார். பேச்சு அவ்வளவுதான். அதற்கே ஜனங்கள் உருகினார்கள். உடைந்து கிடந்த ஏரி மதகு சரியானது. என் ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்கு ஒரு நாளாவது ஒரு மதகு அசைந்ததுண்டா?

எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அது போயே போய்விட்டது. கறிகாய் வாங்கப் போனால், "மந்திரி மச்சான் வந்துகினு கீறாரு, வழி உடுங்கப்பா" என்பார்கள். சவரம் செய்பவர்கூட என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "மந்திரி மச்சானே, நம்ம பையனுக்கு ஒரு வேல சொல்லேன்" என்பார். கத்தி கழுத்தில் இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? சொல்கிறேன் என்பேன்.

யுத்தம் வந்தது. நம்மைக் கேட்காமல் வெள்ளைக்காரர்கள் நாட்டை அதில் இழுத்துவிட்டார்கள் என்று மந்திரிசபை ராஜினாமா செய்தது. அன்று இரவு எனக்கு நன்றாகப் பசித்தது. மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவ்ளோதான், மந்திரி உத்தியோகம் மலையேறிப் போச்சி. மாங்காட்டு ஆத்தாளுக்கு அன்னிக்கிக் கண்ணு தெரியல. தெரிஞ்சிருந்தா என்னத்தான் எட்த்திருப்பா."

என்னை ஒருநாளும் ஒருமையில் பேசாதவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆத்தாள இன்னாத்துக்கு இழுக்கற? ஆத்தா ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன். ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வெச்சேன்."

பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டேன். "அண்ணன் பாசமாடி?"

"பாசத்துக்குப் பண்ணா உன் பூவைத்தான் வெச்சிருப்பேன். உன்னோடதான வாழறேன்? வாசல்ல நிக்கறவன எங்க அண்ணன் உக்கார வெக்கும். நீ உக்காந்துகினு அவன நிக்க வெப்ப. ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும்."

மோர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளைப் பூ அந்தக் கோயிலுக்கே வரவில்லை என்பதைவிட, அவள் சொன்ன காரணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பொய் என்று வாதாட ஒரு ஆளைத் தேடினேன். என் பக்கம் சாட்சி சொல்ல யாரும் நினைவுக்கு வரவில்லை.

ஆனால் கையில் ஒரு ஆயுதம் கிடைத்துவிட்டது. சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதே மைத்துனர் யுத்த எதிர்ப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய்விட்டார். வரட்டும், அவரை அம்மன் தேர்ந்தெடுக்கவே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று காத்திருந்தேன்.

வந்தார். பாதி உடம்பாகியிருந்தார், ஓயாத இருமல். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"மாப்ளே, உள்ள தூக்கம் வராதப்போல்லாம் ஒண்ணையே நெனச்சிகினு இருந்தேன். உனக்குப் பேச்சு கீது, படிப்பு கீது. எனக்கு இன்னா கீது? அப்டியும் ஆத்தா என்னத்தான எட்த்தா. இது போதும்டா எனக்கு."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சமையலறை வாசலில் என் மனைவி கஞ்சிச் சொம்போடு நின்றாள். சொல்லாதே என்று கெஞ்சவில்லை. நான் என்ன செய்வேன் என்று தெரிந்தவள்போல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மச்சான், ஆத்தா உன்னத்தான் எட்த்தா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்மேல் உள்ள பொறாமை இன்றும் அப்படியே இருக்கிறது. மாங்காட்டு அம்மன் ஒதுக்கிய ஆள் என்றால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். கட்டிய பெண்டாட்டி ஒதுக்கிய ஆள் என்று தெரிந்தால் எப்படி நடப்பது?