தையல்நாயகி அம்மாளின் வயிற்று வலி

காலை ஆறு மணிக்குப் பால்காரன் போன கையோடு சபாபதி வந்து வாசலில் நின்றான். "அம்மா போயிட்டாங்க, டாக்டரம்மா" என்றான். அம்சவேணி பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அவனோடு நாலெட்டு நடந்துவிட்டாள்.

அவன் தாய் தையல்நாயகி பிள்ளையார்பாளையத்தில் பேர்பெற்ற கைக்காரி. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும், அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகத் திரித்துப் பிணைப்பது அவள் வேலை. இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கடைசி இழை சேரும்வரை எழுந்திருக்க மாட்டாள். சின்ன வயதில் தாலியறுத்தவள், பிள்ளைகளை அந்த விரல்களால்தான் ஆளாக்கினாள்.

எழுபது வயதைத் தாண்டியதும் நினைவு தப்பியது. மகனையே யாரென்று கேட்டாள். 1971 சித்திரையில் சோற்றை ஒதுக்கிவிட்டு ஓயாமல் முனக ஆரம்பித்தாள். எங்கே வலி என்று சொல்லத் தெரியவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கைகளைக் கட்டிலோடு கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு யார் தொட்டாலும் கடித்தாள். வலிக்கிற இடம் தெரியாமல் என்ன மருந்து கொடுப்பது?

அம்சவேணியும் நெசவாளி வீட்டுப் பெண். சபாபதி அழைத்துப்போன முதல் நாள், கிழவியோடு பாயில் உட்கார்ந்து, கொஞ்சம் நூலை அவள் மடியில் போட்டாள். விரல்கள் தாமாகத் திரிக்கத் தொடங்கின. "எந்தத் தறிக்காரன் பொண்ணுடி நீ? கையில ஒரு காய்ப்பு இல்ல" என்று கிழவி ஏசினாள். ஏச்சுக்கு நடுவே நாடி பார்த்தாயிற்று. மறுநாள் முதுகில் குழல் வைத்துக் கேட்டாயிற்று. வயிற்றைப் பார்க்கத்தான் அவள் படுக்க வேண்டியிருந்தது.

நேற்று மாலை சபாபதி தாயின் தோளைப் பிடித்துச் சாய்க்கப் போனான்.

"பாவு பாதியில நிக்குதும்மா. முடிச்சிட்டுப் படுத்துக்கறேன்" என்று தையல்நாயகி கெஞ்சினாள். அவள் கெஞ்சியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பிணைக்கிறவளைப் பாதியில் எழுப்பக் கூடாதென்பது அம்சவேணி பிறந்த வீட்டிலும் கட்டளைதான். சபாபதியின் கையை விலக்கிவிட்டு, உட்கார்ந்த நிலையிலேயே வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. வலப்பக்கம் போன கையைக் கிழவி பிடித்துக்கொண்டாள். "இருடி, இழை அறுந்துடும்." நாளைக்கு ஆகட்டுமென்று அம்சவேணி எழுந்துவிட்டாள்.

இப்போது அதே பாயில் தையல்நாயகி மல்லாந்து கிடந்தாள். யார் தொட்டாலும் சும்மா இருந்தாள். அம்சவேணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்கதாம்மா வலிச்சிக்கினு இருந்துது அவங்களுக்கு?" என்று சபாபதி கேட்டான்.

பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்சவேணி எழுந்து இடம் விட்டாள். வயிற்றின் வலப்பக்கத்தை அப்போதும் அவள் தொட்டுப் பார்க்கவில்லை.