நோன்பு மாதத்து இணை ஓட்டுநர்

ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் எட்டு மணி நேரம். காலை பத்தரைக்குக் கிளம்பும் வண்டியின் முதல் பாதியைப் பத்தொன்பது வருடமாக யாப் கொக் செங்தான் ஓட்டுகிறார். சிரம்பானில் இருக்கையைக் கூட்டாளி ஃபூங்கிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் படுத்துவிடுவார். ஐம்பத்தாறு வயது முதுகுக்கு அந்த மத்தியானத் தூக்கம்தான் மருந்து.

மூன்று மாதம் முன்பு ஃபூங் இஸ்லாத்தில் சேர்ந்து லுக்மான் ஆனார்; கொக் செங்குக்கு இன்னும் ஃபூங்தான். நோன்பு பிறந்ததும் பிற்பகலில் அவருக்குக் கண் சொருக ஆரம்பித்தது. பதினோரு நாளாக எட்டு மணி நேரமும் கொக் செங்கே ஓட்டுகிறார்.

இன்று ஜொகூர் பாரு நிலையத்தில் இறங்கும்போது அவருக்கு இடுப்பு நிமிரவில்லை. ஓட்டுநர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஜம்ரி பணிமனையிலிருந்து கைபேசியில் அழைத்தான்.

"அங்கிள், வேற ஜோடி போடவா? ஆளு ரெடி. ஏழரைக்குள்ள சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

சரி என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். சாப்பிடக் கிளம்பியவர், பேருந்துப் படியில் ஒரு பன்னும் தண்ணீர்ப் புட்டியுமாக ஃபூங் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். எதிர்க்கோடியில் மலாய் ஓட்டுநர்கள் நோன்பு திறக்கப் பாய் விரித்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க போகலையா?"

"முதல் நாள் கூப்பிட்டாங்க. கூச்சமா இருந்துச்சு, போகல. உன்கூடச் சாப்பிடுவேன்னு நினைச்சு விட்டுட்டாங்க."

"நான் பன்றி நூடுல்ஸ் கடைக்கில்ல போறேன்."

"அதான்."

கொக் செங் முனகிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ பட்டினி கெடக்குற, சரி. எனக்கு எதுக்குய்யா இந்தத் தண்டனை?"

"காலைல தெம்பாத்தான் இருக்கேன். முதல் பாதிய நான் ஓட்டறேன்னு கேட்டிருப்பேன். உன் தூக்கத்தப் பறிக்க வாய் வரல."

"பறிக்காமதான் பதினோரு நாளா நல்லாத் தூங்குறேனாக்கும்."

பாங்கு கேட்டது. ஃபூங் தண்ணீர் குடித்துவிட்டுப் பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். கொக் செங் வாங்கிக்கொண்டார். அப்போது ஜம்ரி மறுபடி அழைத்தான்.

"ஆளு வேணாம் ஜம்ரி. நோன்பு முடியிற வரைக்கும் முதல் பாதி இவன். பெருநாள் கழிஞ்சதும் என் தூக்கம் எனக்கு. எழுதி வச்சுக்கோ."

கடைவரை நடக்க இனி கொக் செங்குக்குக் கால் வராது. எதிர்க்கோடியைப் பார்த்தார்.

"அந்தக் கஞ்சி எனக்கும் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க," என்றார் ஃபூங். "என்னையும் கூட்டிட்டுப் போ."