நாலாம் பார்ட்டின் மீசை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற அந்தத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் விருத்தாசலத்திடம் டிக்கெட் கேட்டால் டிக்கெட் வரும், கூடவே ஒரு மீசைப் புலம்பலும் வரும். விக்கிரவாண்டியில் இறங்குகிறவர்களுக்குப் பாதிப் புலம்பல். திண்டிவனம் வரைக்கும் டிக்கெட் எடுத்த பாவிகளுக்கு முழுசும்.

"நல்லா கருகருன்னு இருந்த மீசைங்க. அஞ்சாம் பார்ட்டுல வழிச்சி எடுத்துட்டானுங்க. யாருக்கு இடைஞ்சலா இருந்துச்சி, சொல்லுங்க பார்ப்போம்?"

கேட்கிறவர், யாரோ சொந்தக்காரர் மீசை போலிருக்கிறது, மொட்டை போட்ட இடத்தில் தப்பு நடந்திருக்கும் என்று நினைத்து உச்சுக் கொட்டுவார். அது வீடியோ கேமில் வருகிற வீரனின் மீசை என்று விளங்கும்போது பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியிருக்கும்.

அந்த கேமுக்கு 'ஸ்டார்ம் ஃபோர்ட்' என்று பேர். ஒரு கோட்டை, உள்ளே மாட்டிக்கொண்ட ராஜா, வெளியே வாளோடு ஒரு வீரன். இவ்வளவுதான் சமாச்சாரம். இதை வைத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரு பார்ட் போட்டுக்கொண்டே இருந்தது. உயிரைக் கொடுத்து ராஜாவை மீட்டு வெளியே விட்டால் அடுத்த பார்ட்டில் மறுபடியும் போய் மாட்டிக்கொள்வார். அந்த ராஜாவுக்குக் கொஞ்சமும் புத்தி கிடையாது என்பது விருத்தாசலத்தின் தீர்மானமான கருத்து.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கேம் கடையில்தான் முதல் பார்ட்டைப் பார்த்தார். ஒலக்கூர் பக்கத்துப் பிள்ளை. அப்பா விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிவரச் சொல்லி அனுப்பிய நாள் அது. பொழுது சாய்ந்து வீட்டுக்கு ஆள் வந்தது, விதை வரவில்லை. மீசை முளைத்த பிள்ளை என்றும் பார்க்காமல் அப்பா நாலு சாத்து சாத்தினார். அடி வாங்கிக்கொண்டே நம்ம ஆள் இரண்டாவது ஸ்டேஜை எப்படித் தாண்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். இதை அவரே பெருமையாகச் சொல்லுவார்.

தொண்ணூற்று ஐந்தில் கிளியனூர் பரிமளாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு திண்டிவனத்தில் வாடகை வீடு பிடித்தார். கட்டில் வாங்குவதற்கு முன்னால் டி.வி.யில் மாட்டுகிற கேம் பெட்டி வாங்கினார். மாமனார் வீட்டில் இதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. புதுச்சேரியில் நடைபாதைக் கடையில் ஒரு மஞ்சள் கேசட் கிடைத்தது. மேலே 'ஸ்டார்ம் ஃபோர்ட் 4' என்று ஒட்டியிருந்தது.

அட, அதுதான் கேம்! வீரனுக்கு முறுக்கு மீசை. கூடவே ஈட்டி எறிகிற ஒரு பொம்பளை, அவளை வைத்து இன்னொருத்தர் சேர்ந்து ஆடலாம். பின்னால் தெரிகிற மலையும் கோட்டையும் அச்சு அசலாகச் செஞ்சிதான். பரிமளா முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கினாள். மல்லாட்டை உரித்துப் பழகிய விரல் ஆச்சே, ஈட்டி மழை மாதிரி விழுந்தது. அந்த வருசம் அந்த வீட்டில் சண்டை என்றால் அது டி.வி.க்குள் மட்டும்தான்.

கடைசி ஸ்டேஜில் ஒரு தொங்குபாலம். அதில் மூன்று தடியன்கள். அதைத் தாண்டினால் ஒரு பெரிய கதவு. விருத்தாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்வார், விழுவார். விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதியெல்லாம் அந்த கேசட்டில் கிடையாது, முதலிலிருந்து ஆட வேண்டும். வேலைக்குப் போனாலும் அந்தக் கதவு நினைப்புத்தான். "கதவுக்குப் பின்னாடி என்னாதான்டி இருக்கும்?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். "எனக்கென்னா தெரியும்?" என்று அவள் குழம்பு ஊற்றுவாள்.

அடுத்த வருசம் ஆயுதபூஜைக்கு முதல்நாள் அவர் எப்படியோ பாலத்தைத் தாண்டிவிட்டார். கதவு வந்தது. கை வைத்தார். கரண்ட் போய்விட்டது.

போகட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கலாம். ஆனால் மறுநாள் பூஜையாயிற்றே. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: பொருளில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். அரிவாளுக்கு வெட்டுகிற வாயில். கலப்பைக்கு மண்ணைக் கிழிக்கிற கொழுவில். விருத்தாசலம் விசிலுக்கு ஊதுகிற இடத்தில் வைத்துவிட்டு இரண்டு நாள் சந்தனம் தின்றார். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எங்கே வேலை செய்கிறது? அடியில், பெட்டிக்குள் சொருகுகிற அந்தப் பித்தளைப் பல் வரிசையில். அங்கே குழைத்த சந்தனத்தை மனசார அப்பினார். மேலே மஞ்சள் தண்ணீரும் தெளித்தார்.

அப்புறம் அந்த கேசட் எழுந்திருக்கவே இல்லை. ஊதினார், மண்ணெண்ணெயில் கழுவினார், வெயிலில் வைத்தார். டி.வி.யில் சாம்பல் கோடுதான் ஓடியது. புதுச்சேரிக்குப் போனால் அந்த நடைபாதைக்காரன் இடத்தில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தக் கடையிலும் நாலாம் பார்ட் என்றே ஒன்று இல்லை. அப்போதாவது இந்த மனுசனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஐந்தாம் பார்ட் வந்தது. வீரன் மழமழவென்று இருந்தான். ஈட்டிக்காரியையும் காணோம். விருத்தாசலம் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆறு வந்தது, ஏழு வந்தது, கேசட் போய் டிஸ்க் வந்தது, படம் சினிமா மாதிரி ஆனது. ஒவ்வொன்றையும் வந்த சூட்டோடு வாங்கி, ராவும் பகலுமாக ஆடி முடித்து, "தூ, இதெல்லாம் ஒரு கேமா?" என்பார். ஆனால் டிரைவர் தாண்டவராயன் ஒருநாள் ஒத்து ஊதுகிறேன் பேர்வழி என்று, "ஆமாய்யா, குப்பை கேமு" என்றபோது நம்ம ஆளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"நான் திட்டலாம். நீ என்னாத்த கண்டே? நீ உன் ஸ்டேரிங்கைப் பாரு."

திண்டிவனம் வரைக்கும் அவரோடு பேசவில்லை. வெறுப்பா அது? வெறுப்பென்றால் விட்டுவிட்டுப் போயிருப்பாரே. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். என்றைக்காவது காட்டுவான் என்ற நப்பாசையில்தான் ஒவ்வொரு பார்ட்டையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அந்தச் செய்தி வந்தது. விழுப்புரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற அரிபிரசாத், தினமும் அதே பஸ்ஸில் போகிற பையன், போனை நீட்டினான். "அண்ணே, பழைய பார்ட்டெல்லாம் சேர்த்து ஒரே டிஸ்க்கா போட்டிருக்கான். நாலும் இருக்கு."

விருத்தாசலம் டிஸ்க்கை வாங்கினார், லீவு போட்டார், முகச்சவரம் பண்ணினார், புதுச்சட்டை போட்டார். பரிமளாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நாலாம் பார்ட்டை அழுத்தினார்.

மீசை இல்லை. செஞ்சியும் இல்லை. ஒரே பனிமலை.

மறுநாள் பஸ்ஸில் கம்பெனிமேல் கேஸ் போடுகிற ஆவேசத்தில் இருந்தார். அரிபிரசாத் போனில் என்னத்தையோ தேடிப் படித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆடுனதை கம்பெனி போடவே இல்லண்ணே. எவனோ திருட்டுத்தனமா ரெண்டாம் பார்ட்டை எடுத்து மீசை வரைஞ்சி, பாலம் போட்டு, நாலுன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்திருக்கான். அது டூப்ளிகேட்டு."

விருத்தாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எவனோ வரைந்த மீசைக்காக, வழிக்காத கம்பெனியை இத்தனை வருசம் திட்டியிருக்கிறார். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்தக் கதவு இனிமேல் எங்கேயும் வராது. விக்கிரவாண்டியில் விசில் அடிக்கவே மறந்துவிட்டார். இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். தாண்டவராயன் திரும்பிப் பார்த்து, "என்னாய்யா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பரிமளா முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "டூப்ளிகேட்டாம் பரிமளா. அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னா இருந்துச்சின்னு இனிமே செத்தாலும் தெரியாது."

அவள் இரண்டு கை மல்லாட்டை உரித்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்.

"ஒண்ணும் இல்லீங்க. முதல் ஸ்டேஜுதான் மறுபடியும் வந்துச்சி. கொஞ்சம் வேகமா."

விருத்தாசலத்துக்கு முதலில் காதில் ஏறவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒருநா நீங்க டூட்டிக்குப் போயிருந்தீங்க. மத்தியானம் சும்மா ஆடிக்கினு இருந்தேன். முடிஞ்சிபோச்சி. பூஜைக்கு முன்னாடிதான், ஆடி மாசம்."

"ஏன்டி சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? சோறு தின்னும்போதுகூட கதவு கதவுன்னுக்கினு இருந்தீங்க. உள்ள ஒரு மண்ணும் இல்லன்னு சொன்னா உங்க மூஞ்சி எப்படி ஆயிருக்கும்? சரி, நீங்களே பார்த்துக்குவீங்கன்னு விட்டேன். நீங்க சந்தனத்தை அப்பிட்டீங்க."

கோபம் வரும் என்றுதான் அவள் நினைத்தாள், அவரும்தான் நினைத்தார். வரவில்லை. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி முறத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் பாலத்துல மூணு பேரு. அவனுங்களை எப்படித் தாண்டுனே?"

"தாண்டுறதா? ஈட்டிக்காரிய குந்த வச்சிட்டேன். நீங்க போயி முட்டுவீங்க. குந்திக்கினா அவனுங்க ஒண்ணுமேல ஒண்ணு வந்து மோதிக்கினு தானா கீழ விழுந்துடுவானுங்க." கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள். "இப்படி அமுக்கிப் பிடிச்சிக்கணும், அவ்ளோதான்."

விருத்தாசலமும் கட்டைவிரலை மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் விழுப்புரத்தில் பஸ் கிளம்பியதும் கதை ஆரம்பமாகிவிட்டது. ஆனால் மீசை வரவில்லை. "கம்பெனியே போடாத பார்ட்டு. அதை இந்த உலகத்துல முடிச்ச ஆளு எனக்குத் தெரிஞ்சி ஒருத்திதான். கிளியனூர் பொண்ணு. என் வூட்டுக்காரி."

அரிபிரசாத் சீட்டை விட்டே எழுந்துவிட்டான். "நெஜமாவா? அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னாண்ணே இருந்துச்சி?"

விருத்தாசலம் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தார். வாய்வரைக்கும் வந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழித்து அவன் கையில் வைத்தார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது தம்பி," என்றார்.